வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டும் வீடு

பழைய வீடு ஒன்றைச் சில நாட்களில் புதுவீடாக்கிக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு யாழ்ப்பாணத்தில் விருப்பத்தோடு பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. முழு நிகழ்ச்சியாக நெட்பிளிக்ஸில் பார்ப்பவர்கள் ஒருபுறம் இருக்க, யூடியூப்பிலும் முகநூலிலும் வெட்டித் தரப்படும் சிறு துண்டுகளாகக் கைபேசியில் பார்ப்பவர்களும் ஏராளம். கனடாவில் இருக்கும் தங்கை அனுப்பிய குசினிப் படம் ஒன்று, இங்கே அக்காவின் வீட்டுத் திருத்த வேலைக்கு அப்படியே மாதிரியாகிவிடுவதும் நடக்கிறது. வீட்டை விட்டு ஓடியும், இழந்தும், திரும்பி வந்து கட்டியும் பழகிய ஒரு சமூகத்துக்கு இந்த நிகழ்ச்சிகள் வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. அவற்றின் கவர்ச்சி உண்மையானது. அவற்றின் குறையும் அந்தக் கவர்ச்சி பிறக்கும் அதே இடத்திலேயே பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வகை நிகழ்ச்சி தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1979 இல் தொடங்கிய ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’, ஒரே ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டு பல வாரங்கள் அதனோடேயே இருந்தது. உக்கிப்போன மரத்தை எவ்வளவு தூரம் வெட்டி எடுப்பது, குழாயை எப்படிப் பொருத்துவது என்று வேலை தெரிந்தவர்களே அதில் விளக்கினார்கள். 1996 இல் பிபிசி தொடங்கிய ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ அந்தப் பொறுமையைக் கைவிட்டது. அயலவர்களான இரண்டு குடும்பங்கள் வீட்டுத் திறப்புகளை (சாவிகளை) மாற்றிக்கொள்ளும். இரண்டு நாளில், 500 பவுண் செலவில், ஒரு வடிவமைப்பாளரின் சொற்படி ஒருவர் வீட்டு அறையை மற்றவர் மாற்றிவிடுவார். வேலை முடியும்வரை தன் சொந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவும் வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லை. இதன் அமெரிக்க வடிவமான ‘ட்ரேடிங் ஸ்பேசஸ்’ 2000 இல் 1,000 டொலர் செலவு வரம்போடு வந்தது. அறையோடு நிற்காமல் முழு வீட்டையே ஏழு நாளில் கட்டிக் கொடுக்கும் ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’ நிகழ்ச்சியை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 2003 இன் கடைசியில் தொடங்கி 2012 வரை ஒளிபரப்பியது. 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அது தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான எமி விருது பெற்றது.

அந்த நிகழ்ச்சியின் உச்சக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நோயோ விபத்தோ வறுமையோ தாக்கிய ஒரு குடும்பத்தின் வாசலில் ஒரு காலைப்பொழுதில் நிகழ்ச்சிக் குழு வந்து நிற்கும். குடும்பம் ஒரு கிழமை விடுமுறைக்கு எங்கேயோ அனுப்பிவைக்கப்படும். அவர்கள் போனபின் பழைய வீடு இடிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான தொண்டர்களும் வேலையாட்களும் இரவு பகலாக வேலை செய்வார்கள். குடும்பம் திரும்பி வரும்போது புதுவீட்டை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பேருந்து நிற்கும். கூடியிருக்கும் ஊர்ச்சனம் முழுவதும் ‘பேருந்தை எடு’ என்று ஒரே குரலில் கத்தும். பேருந்து நகர, தாய் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவாள். அதைப் பார்க்கும் நமக்கும் கண் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் போலி எதுவும் இல்லை; ஒரு குடும்பத்தின் துன்பம் தீர்வதைக் கண்ணால் காண்பது மனிதருக்குப் பிடித்த காரியம்.

யாழ்ப்பாணத்தவர் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அதில் இன்னொரு அடுக்கும் சேர்ந்துவிடுகிறது. 1990 இல் போர் காரணமாகக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதியை விட்டு வெளியேறியவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் தங்கள் வளவைக் காணவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே ஒரே இரவில் கிழக்கே உள்ள தென்மராட்சிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், நிலையும் கதவும் யன்னலும் பிடுங்கப்பட்ட ஓட்டைகளையும், படுக்கையறைக்குள் முளைத்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட மரங்களையும்தான். கூரை ஓடுகளும் தீராந்தி மரங்களும் போன இடம் தெரியவில்லை. இந்த நினைவோடு இருக்கும் ஒருவருக்கு, போய்த் திரும்பும்போது வீடு முன்பிருந்ததைவிட நன்றாக நிற்பது என்ற காட்சி, தன் வாழ்க்கையில் நடந்ததைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. இந்த நிகழ்ச்சிகளை மேல்தட்டு ஆசை என்று ஒதுக்கும் விமர்சகர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இதைவிடச் சாதாரணமான காரணங்களும் உண்டு. இங்கே வீடு என்பது பெரும்பாலும் பெண்பிள்ளையின் சீதனமாகப் போவது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் அந்த வழக்கத்தை எழுத்திலும் வைத்திருக்கிறது. கலியாணம் பேசத் தொடங்கியதும் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதும், நிலத்துக்கு ரைல்ஸ் பதிப்பதும், வெளியே இருக்கும் கழிப்பறையை அறையோடு இணைப்பதும் ஒரு குடும்பத்தின் மானத்தோடு சம்பந்தப்பட்ட வேலைகள். எப்படிச் செய்யலாம், எது புதுமுறை என்று காட்டித்தர ஆள் தேவைப்படும் நேரத்தில் அந்த இடத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது. மற்றவர்களுடைய வீட்டின் உள்ளறைவரை போய்ப் பார்க்கும் ஆவலும் இருக்கத்தான் செய்கிறது.

இனிக் குறைக்கு வருவோம். மேலே சொன்ன எல்லா நிகழ்ச்சிகளும், முதலாவதைத் தவிர, ஒரே உத்தியில் நிற்கின்றன: வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுவது. திறப்பு விழாவின் திகைப்பு அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திகைப்புக்காக, அந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், முழங்கால் நோவுள்ள பாட்டிக்கு எத்தனை படி ஏற இயலும், மழைக்காலத்தில் எந்தப் பக்கத்தால் சாரல் அடிக்கும் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் முடிவெடுக்கும் இடத்திலிருந்து அகற்றப்படுகிறார். ‘ட்ரேடிங் ஸ்பேசஸ்’ நிகழ்ச்சியில் ஒரு வடிவமைப்பாளர் வரவேற்பறைச் சுவர் முழுவதும் வைக்கோல் ஒட்டினார். ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ நிகழ்ச்சியில், வீட்டுக்காரர் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழங்காலத் தேநீர்க் கேத்தல்களைத் தொங்கும் தட்டு ஒன்றில் அடுக்கிவைக்க, தட்டு இரவோடு இரவாக விழுந்து ஆயிரக்கணக்கான பவுண் பெறுமதியான சேகரிப்பு நொறுங்கியது. அந்தக் கேத்தல்களின் பாரம் என்னவென்று அவற்றை நாள்தோறும் தூக்கித் துடைத்தவரைக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

எங்கள் ஊரில் வீடு கட்டும் முறை இதற்கு நேர் எதிரானது. நிலையம் எடுப்பது (வீடு அமையும் இடத்தைக் குறிப்பது), நாள் பார்த்து அத்திவாரம் வெட்டுவது, நிலை வைப்பது, கூரை ஏற்றுவது, கடைசியில் குடிபூரல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரர் நின்றாக வேண்டும். மேசனுக்கும் மரவேலை செய்யும் ஓடாவியாருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும் பெண், எந்த வரிசையில் கல் கோணல், எந்தக் கலவையில் சீமெந்து குறைவு என்பதையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறாள். யன்னலை இன்னும் ஓரடி தள்ளி வைக்கச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. வாக்குவாதமும் மனத்தாங்கலும் நிறைந்த அந்த முறை தொலைக்காட்சிக்கு ஏற்றதல்ல. வாழ்வதற்கு ஏற்ற வீடு அதிலிருந்துதான் வருகிறது.

ஏழு நாள் என்ற கணக்கையும் விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் எழுப்பப்பட்டு, உள்ளே ஜிப்சம் பலகை அடித்து முடிக்கப்படுபவை. ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகத்தையும் கூட்டலாம். கல்லும் சீமெந்தும் அந்த அவசரத்துக்கு உடன்படா. கொங்கிறீற் தன் கணக்கிட்ட பலத்தை அடைவதற்கு 28 நாள் என்பது பொறியியலாளர் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. குறைந்தது ஒரு கிழமைக்காவது அதற்குத் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். கொங்கிறீற் மேல்தட்டுக்குக் கொடுத்த முட்டுகளை நினைத்த உடனே கழற்ற முடியாது. பூச்சு காயுமுன் பெயின்ற் அடித்தால் அடுத்த மாரிக்குள் அது பொருக்குப் பொருக்காக உரியும். உவர்க் காற்று அடிக்கும் கரையோரங்களில் கழுவாத கடல்மணலைக் கலவையில் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். திரையில் நாற்பது நிமிடத்தில் முடியும் வேலையைப் பார்த்துவிட்டு, ‘ஏன் இவ்வளவு நாள்?’ என்று மேசனை நெருக்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே கேடு தேடிக்கொள்கிறார்கள்.

பணத்தின் கதை இதைவிடக் கடினமானது. ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்’ கட்டிக்கொடுத்த வீடுகள் சுற்றியிருந்த வீடுகளைவிடப் பல மடங்கு பெரியவை. வீட்டின் பெறுமதி கூடினால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கட்டும் சொத்துவரியும் கூடும். பெரிய வீட்டுக்கு மின்கட்டணமும் பெரிது. பழைய வருமானத்திலேயே இருந்த குடும்பங்கள் சில அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் வீட்டை விற்றன. ஜோர்ஜியா மாநிலத்தில் 2005 இல் கட்டப்பட்ட ஒரு மாளிகை, அதை ஈடாக வைத்து வாங்கிய கடன் திருப்பிக் கட்டப்படாததால் 2008 இல் ஏலத்துக்கு வந்த செய்தி அந்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது. நிகழ்ச்சியின் முக்கிய அனுசரணையாளராக இருந்தது வீட்டுப் பொருட்கள் விற்கும் சியர்ஸ் நிறுவனம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீட்டைத் திருத்துவது என்றால் பொருள் வாங்குவது என்ற எண்ணம் பார்வையாளரின் மனத்தில் தற்செயலாகப் பதிந்ததல்ல.

இந்தப் பாடத்தை வடக்கு மாகாணம் வேறொரு வழியில் நேரடியாகப் படித்திருக்கிறது. போருக்குப் பின் இந்திய அரசு வழங்கிய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 இன் பிற்பகுதியில் தொடங்கியது. ஒரு புதுவீட்டுக்கு 5,50,000 ரூபா. திருத்த வேலைக்கு 2,50,000 ரூபா. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத் தவணையாக வரும். கட்டுவிப்பவர் வீட்டுக்காரரே. இந்த முறையில் பெரிய நன்மை ஒன்று இருந்தது: வாசல் எந்தத் திசை, குசினி எங்கே என்பதைத் தீர்மானித்தவர் அங்கே குடியிருக்கப் போகிறவர். அதேவேளை, பணம் போதாமலும், கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசையினாலும், பலர் தாலிக்கொடியை அடைவு வைத்தார்கள். நுண்கடன் நிறுவனங்களிடம் போனார்கள். வீடு எழும்பிப் பூச்சில்லாமல் நிற்க, வட்டி மட்டும் ஏறிக்கொண்டு போன வீடுகள் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆனபோது பாதியில் நின்ற வேலைகளையும் இதோடு சேர்க்க வேண்டும். ஒரு வீட்டின் கதையைச் சொல்வதென்றால் இந்தக் கணக்கைச் சொல்லாமல் சொல்ல முடியாது. சீரமைப்பு நிகழ்ச்சிகளோ கணக்கைத் திரையின் மூலையில் ஒரு தொகையாகக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. அந்தப் பணம் யாருடையது, வட்டி எவ்வளவு, எத்தனை ஆண்டு கட்ட வேண்டும் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

அதே மண்ணில் எதிர் அனுபவமும் கிடைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் அமைக்கும் அரசின் திட்டம் 2016 அளவில் முன்வந்தபோது, மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்ற செலவு, எங்கள் வெயிலுக்குப் பொருந்தாத இரும்பு, பின்னாளில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட முடியாத அமைப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்து விரைவாக நிறுத்திவிட்டுப் போகும் ஆயத்த வீடு வேண்டாம், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். வீடில்லாத நிலையிலும் அப்படிச் சொன்ன மக்களின் தெளிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

திரை கற்றுத்தரும் அழகு நம் வீட்டுக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்பதற்குக் குசினியே போதிய சான்று. சுவரை உடைத்து, குசினியையும் சாப்பாட்டறையையும் விறாந்தையையும் ஒரே மண்டபமாக்குவது இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலானவற்றின் முதல் வேலை. குளிர்நாட்டில், அடுப்பில் பெரிய புகை எழும்பாத சமையலுக்கு அது பொருந்தலாம். மிளகாய் வறுத்துத் தூள் இடிக்கும், நண்டுக்குழம்பு கொதிக்கும், மீன் பொரிக்கும் யாழ்ப்பாணத்துக் குசினியில் சுவர் இல்லாவிட்டால் வாசல் வரை இருமல் போகும். ஆகவே பல புதுவீடுகளில் இரண்டு குசினி காணப்படுகிறது: உள்ளே பளபளக்கும் கல் பதித்து, அலுமாரிகள் பொருத்திய ஒன்று, பின்புறத்தில் தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ போட்டுச் சாய்ப்பாக இறக்கிய பத்தி ஒன்று. சமையல் நடப்பது பத்தியில். உள்ளே இருப்பதில் தேத்தண்ணி போடுவார்கள், விருந்தாளிக்குக் காட்டுவார்கள். இலட்சக்கணக்கில் செலவழித்த பின்பும், வீட்டில் அதிக நேரம் உழைக்கும் பெண் வெக்கைக்குள்ளேயே நிற்கிறாள். நல்ல புகைபோக்கியும், உயரமான கூரையும், காற்று ஊடறுக்கும் இரண்டு யன்னலும் வைத்த ஒரே குசினிக்கு அதில் ஒரு பங்கு செலவே போதியதாக இருந்திருக்கும்.

பழைய வீட்டை என்ன செய்வது என்பதிலும் இந்த நிகழ்ச்சிகள் தவறான பழக்கத்தை ஊட்டுகின்றன. சம்மட்டியால் சுவரை உடைக்கும் காட்சி அவற்றுக்கு ஒரு கொண்டாட்டம். எங்கள் நாற்சார் வீடுகளின் தடித்த சுவரும், நடுமுற்றமும், ஓட்டுக்கூரையும் மின்விசிறி இல்லாத காலத்தில் சூட்டைத் தணித்தவை. திண்ணை வெயிலைச் சுவரில் படவிடாமல் காத்தது. அதை இடித்து நேர்வெயில் வாங்கும் கொங்கிறீற் தட்டுப் போட்டவர்கள், இரவிலும் தட்டிலிருந்து இறங்கும் வெப்பத்தோடு குளிரூட்டிக்குச் செலவழிக்கிறார்கள். உடைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை முகக்கவசம்கூட இல்லாமல் உடைத்துக் கொட்டும்போது எழும் தூசி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. அமெரிக்காவில் ‘பிக்ஸர் அப்பர்’ என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியை நடத்தியவர்களின் நிறுவனம், பழைய வீடுகளின் ஈயப் பெயின்றைக் கையாளும்போது பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாததற்காக 2018 இல் 40,000 டொலர் தண்டப்பணம் கட்ட உடன்பட்டது. நிகழ்ச்சியில் ஒளிபரப்பான காட்சிகளைப் பார்த்தே சுற்றாடல் அதிகாரிகள் விசாரணை தொடங்கினார்கள்.

எங்கள் குடாநாட்டுக்கே உரிய இன்னொரு விடயத்தை எந்த நிகழ்ச்சியும் காட்டாது: கழிவுநீர் எங்கே போகிறது என்பது. அறைக்கு அறை இணைந்த குளியலறை என்பது இன்றைய திருத்த வேலையின் முதல் ஆசை. ஆனால் யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. அதற்குள் இருக்கும் தண்ணீரைத்தான் எங்களில் பலர் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். வளவுகள் துண்டு துண்டாகப் பிரிந்து சிறுத்துப்போன நிலையில், புதிய மலசலகூடக் குழி தன் கிணற்றுக்கு எட்ட இருந்தாலும் அயல்வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாகிவிடுகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற மாசு கூடியிருப்பதற்கு விவசாயப் பசளையோடு இந்தக் குழிகளும் காரணம் என்பது பல காலமாகத் தெரிந்த விடயம். ரைல்ஸின் நிறத்தைத் தெரிவு செய்ய ஒரு மாதம் எடுக்கும் குடும்பம், குழியின் இடத்தை மேசனிடம் ஒரு வார்த்தையில் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

துன்பத்தைத் தெரிவு செய்வது பற்றியும் பேசியாக வேண்டும். ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்’ தயாரிப்புப் பிரிவினர் எந்தெந்த அரிய நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைத் தேடுகிறார்கள் என்று பட்டியலிட்ட மின்னஞ்சல் ஒன்று 2006 இல் வெளியானது. உதவி பெறத் தகுதி வேண்டும் என்றால், அந்தத் துன்பம் திரையில் எடுபடவும் வேண்டும் என்றாகிவிடுகிறது. இதன் சாயலை இப்போது எங்கள் ஊர்களிலேயே பார்க்கிறோம். கமராவுடன் ஒரு ஓலைக்கொட்டிலுக்குள் நுழைந்து, கணவனை இழந்த பெண்ணிடம் அவளுடைய வாழ்க்கையைக் கிளறிக் கேட்டு, புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் வீடு கட்டிக்கொடுத்து, திறப்பு கையளிப்பதையும் அழுகையையும் ஒளிபரப்பும் யூடியூப் நிகழ்ச்சிகள் வடக்கில் பெருகியிருக்கின்றன. அவற்றால் உண்மையில் வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்க இடமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது வகுப்பில் எல்லோரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பார்கள். கமராவுக்கு முன் இல்லை என்று சொல்லும் துணிவு, கூரை இல்லாத ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

நல்ல முறையும் இருக்கிறது என்பதற்குத் தொலைக்காட்சியிலேயே சான்று உண்டு. பிரித்தானியாவில் 1999 இல் தொடங்கிய ‘கிராண்ட் டிசைன்ஸ்’ ஒரு வீட்டை மாதக்கணக்கிலும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும் தொடர்ந்து போய், பணம் தீர்வதையும், மழையில் வேலை நிற்பதையும், கணவன் மனைவி களைத்துப்போவதையும் காட்டுகிறது. பிறகு மீண்டும் போய் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றும் பார்க்கிறது. ஜப்பானில் 2002 இல் தொடங்கிய ஒரு சீரமைப்பு நிகழ்ச்சியில், ஒடுங்கிய காணியில் நெருங்கி வாழும் குடும்பத்தின் ஒவ்வொரு இடைஞ்சலையும் கட்டடக்கலைஞர் நுணுக்கமாக ஆராய்வார்; பழைய வீட்டின் மரத்தில் ஒரு பகுதியைப் புதுவீட்டில் தளபாடமாகவோ தூணாகவோ திரும்பப் பயன்படுத்துவதும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இப்படி ஒரு தொடரை எடுக்க முன்வந்தால், அவருக்குப் பொருள் தட்டுப்பாடு வராது. கழற்றிய பழைய ஓட்டில் எத்தனை வீதம் திரும்பப் போடலாம் என்று ஓடாவியார் தட்டிப் பார்த்துச் சொல்லும் காட்சியிலிருந்தே தொடங்கலாம். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் ஏன் உள்ளே தங்குகிறது என்பதை ஒரு முழு அங்கமாக விளக்கலாம். வீட்டுக்காரப் பெண்ணும் மேசனும் யன்னல் உயரத்துக்காக வாதிடுவதை வெட்டாமல் விடலாம். சிட்டைகளை மேசையில் பரப்பி, வாங்கிய கடனையும் வட்டியையும் அவர்கள் சம்மதத்தோடு கூட்டிக் காட்டலாம். குடிபூரல் முடிந்து ஓராண்டு கழித்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் போனபின், அந்த வீட்டுக்கு மறுபடியும் போய், எந்த அறையில் ஒழுகுகிறது, எந்தக் குசினியில் சமைக்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தார்களா என்று கேட்கும் அங்கம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.